எந்தக் கல்லூரி? – உயர்கல்வித் தேர்வில் எண்ணிப் பார்க்க வேண்டியவை

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்னும் சில வாரங்களில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவரும். ஒரு தலைமுறைக்கு முன்னர் அந்த நாளில் வீடுகளில் எழுந்த வினா எளியது: மருத்துவமா, பொறியியலா, இரண்டும் இல்லையெனில் அருகிலுள்ள கலைக் கல்லூரியா என்பதே அது. இன்று வினா மாறியிருக்கிறது. வரலாறும் பொருளியலும் உளவியலும் கணிதமும் விரும்பிப் பயில முன்வரும் பிள்ளைகள் பெருகியுள்ளனர். அவர்கள் முன் இரு வாயில்கள் திறந்து நிற்கின்றன. ஒன்று, ஆண்டுக்குப் பல இலட்சம் கட்டணம் பெறும் தனியார்ப் பன்முகக் கலைக் கல்லூரி. மற்றொன்று, சில ஆயிரங்களில் பட்டம் தரும் அரசுக் கல்லூரி அல்லது பொதுப் பல்கலைக்கழகம். வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணி வட்டாரங்களில் நிலத்தையும் சிறு வணிகத்தையும் ஆசிரியப் பணியையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் கல்வி வினா அன்று. வீட்டின் பத்தாண்டு வரவு செலவைத் தீர்மானிக்கும் வினா.

பன்முகக் கலைக்கல்வி என்பது யாது?

'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற பெயரைக் கேட்டவுடன் ஓவியமும் நடனமும் கற்பிக்கும் இடம் என்று கருதுவோர் உளர். பழைய 'ஆர்ட்ஸ் காலேஜ்' என்பதன் மறுபெயர் என்று கொள்வோரும் உளர். இரண்டும் பொருந்தா. உரோமானியர் காலத்தில், அடிமையல்லாத உரிமைக் குடிமகனுக்கு ஏற்ற கல்வி என்னும் பொருளில் இலத்தீன் மொழியில் தோன்றிய தொடர் அது. இடைக்கால ஐரோப்பா அதனை இலக்கணம், தருக்கம், சொல்வன்மை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என ஏழாக வகுத்துப் பயிற்றியது. அமெரிக்காவின் சிறு தனியார்க் கல்லூரிகள் அம்மரபை இளநிலைப் படிப்பாக வளர்த்தெடுத்தன.

அதன் இன்றைய இலக்கணம் நான்கு கூறுகளில் அடங்கும். மாணவர் சேரும்போதே ஒரு பாடத்தில் பூட்டப்படுவதில்லை. முதலாண்டில் பல துறைகளைத் தொட்டுப் பார்த்த பின்னரே முதன்மைப் பாடத்தைத் தெரிவு செய்கிறார். வகுப்பு சிறியது, விரிவுரையைக் காட்டிலும் கலந்துரையாடல் மிகுதி. ஆண்டிறுதித் தேர்வைக் காட்டிலும் தொடர்ந்து எழுதும் கட்டுரைகளுக்கு மதிப்பு மிகுதி. ஆசிரியரும் மாணவரும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் வாழ்கின்றனர்.

இந்தியாவில் இவ்வகை நிறுவனங்கள் அண்மைக் காலத்தவை. பெங்களூருவின் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2010இல் தோன்றியது. அரியானா மாநிலம் சோனிபட்டில் அசோகா பல்கலைக்கழகம் 2014இல் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள் ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகம் 2018இல் நிறுவப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பன்முகக் கல்வியையும் நான்காண்டு இளநிலைப் பட்டத்தையும் பரிந்துரைத்தது. அதன்பின் இப்பெயரைத் தாங்கும் கல்லூரிகள் பெருகிவிட்டன. பெயர் தாங்குவன அனைத்தும் பொருளையும் தாங்குவன அல்ல என்பதை முதலிலேயே நினைவிற் கொள்ளுதல் நலம்.

அரசுக் கல்லூரியின் பெருமையும் குறையும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. அதற்கு முன்பே, 1840இல், சென்னை மாநிலக் கல்லூரிக்கு வித்திடப்பட்டது. சர் சி. வி. இராமனும் சுப்பிரமணியன் சந்திரசேகரும் அக்கல்லூரியின் மாணவர்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1880இல் தமிழாசிரியராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூரில் வாழ்ந்த சமணக் குடும்பத்தாரிடம் சமயக் கருத்துகளைக் கேட்டுத் தெளிந்தே சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். பின்னாளில் அதே கல்லூரியின் முதல்வராக விளங்கியவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் பயிற்றியவரும் அவரே. தமிழில் சமணர் ஆக்கிய இலக்கியங்களைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1941இல் வெளிவந்தது. இலக்கியமும் மெய்யியலும் சமய ஆராய்ச்சியும் ஒரே மனிதரிடம் கூடியிருந்த அந்தப் பன்முகப் புலமை அரசுக் கல்லூரி வளாகங்களிலேயே செழித்தது. எனவே, பன்முக அறிவு தனியார் வளாகத்திற்கு மட்டுமே உரிய உடைமை அன்று.

அதே கும்பகோணம் கல்லூரியின் வரலாறு மறுபக்கத்தையும் காட்டுகிறது. 1904இல் உதவித்தொகையுடன் அங்குச் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் அவ்வுதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் அவரால் தேர்ச்சி பெற இயலவில்லை. தேர்வுமுறையின் இறுக்கம் ஒரு மேதையை வெளியேற்றியது என்று இதனைக் கூறலாம். எல்லாப் பாடங்களையும் எல்லாரும் கற்றாக வேண்டும் என்ற விதியே அவரை வெளியேற்றியது என்றும் கூறலாம். இரண்டும் உண்மை. ஒரே துறையில் ஆழ்ந்த வேட்கை கொண்ட மாணவருக்குப் பன்முகக் கல்வி சுமையாகவும் அமையும்; இன்னது வேண்டும் என்று தெளியாத மாணவருக்கு அது வரமாகவும் அமையும். பிள்ளையின் இயல்பை அறியாமல் கல்லூரியின் சிறப்பை மட்டும் பேசுவதால் பயனில்லை.

இன்றைய அரசுக் கல்லூரிகளின் குறைகளையும் மறைக்க வேண்டுவதில்லை. நிரப்பப்படாத பேராசிரியர் பணியிடங்களில் கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த ஊதியத்தில் பணியாற்றுகின்றனர். வகுப்புகள் பெரியவை. பாடத்திட்டம் மாறுவதற்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. தேர்வு, மனப்பாடத்தையே பெரிதும் அளக்கிறது. முதலாண்டில் தெரிவு செய்த பாடத்தை மாற்றிக்கொள்ளுதல் அரிது. ஆயினும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே இடம் கிடைக்கிறது. இட ஒதுக்கீடு உண்டு. பல வகுப்பையும் பல தொழிலையும் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்கின்றனர். நாட்டை அறிந்துகொள்ள அதனினும் நல்ல பாடசாலை இல்லை.

கணக்கு

பண்புகளை எடைபோட்ட பின் பணத்தை எடைபோட வேண்டும். கீழ்வரும் தொகைகள் விளக்கத்திற்காகக் கொண்டவை. ஒவ்வொரு குடும்பமும் தன் தொகைகளை இட்டுக் கணக்கிடுதல் வேண்டும்.

வந்தவாசிப் பக்கத்தில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். ஆண்டு வருவாய் 6 இலட்சம். சேமிப்பும் 6 இலட்சம். மூத்தவள் மகள், இளையவன் பத்தாம் வகுப்பில் பயில்கிறான். மகளுக்குத் தனியார்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துள்ளது. ஆண்டுக் கல்விக் கட்டணம் 9 இலட்சம், விடுதிக்கும் உணவுக்கும் 2 இலட்சம். கல்விக் கட்டணத்தில் பாதியை உதவியாகத் தள்ளுபடி செய்கின்றனர். எஞ்சியது ஆண்டுக்கு 6.5 இலட்சம், நான்காண்டுகளுக்கு 26 இலட்சம். மறுபுறம், சென்னையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் கட்டணம், விடுதி, உணவு, பயணம் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்கு 1 இலட்சம். மூன்றாண்டுகளுக்கு 3 இலட்சம்.

முதல் வழியில் சேமிப்பு முழுவதையும் செலவிட்டாலும் 20 இலட்சம் கடன் பெற வேண்டும். ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுத் தவணை எனில் மாதந்தோறும் ஏறத்தாழ 26,430 ரூபாய் செலுத்த வேண்டும். படிப்புக் காலத்திலும் அதன்பின் தரப்படும் ஓராண்டு அவகாசத்திலும் வட்டியைச் செலுத்திவந்தால்தான் இத்தொகை. செலுத்தாமல் விட்டால், ஆண்டுக்கு 5 இலட்சமாகப் பெற்ற கடனின் மீது தனி வட்டியே 7 இலட்சம் சேர்ந்துவிடும். அப்போது தவணை ஏறத்தாழ 35,680 ரூபாய். முதற்பணியில் மாத ஊதியம் 35,000 ரூபாய் என்றால் ஊதியம் முழுவதும் கடனுக்கே போதாது. உண்பதற்கும் உறைவதற்கும் பெற்றோரையே மீண்டும் நாட வேண்டும். தம்பி கல்லூரியில் சேரும் ஆண்டில் வீட்டில் சேமிப்பு என்று ஒன்றும் இராது.

இதே குடும்பத்தில், கல்விக் கட்டணம் முழுவதையும் அந்நிறுவனம் தள்ளுபடி செய்தால் நிலை தலைகீழாக மாறும். நான்காண்டுச் செலவு 8 இலட்சம். கடன் 2 இலட்சம். அவகாசக் கால வட்டியைச் செலுத்திவந்தால் தவணை ஏறத்தாழ 2,640 ரூபாய். அப்போது தனியார் நிறுவனத்தை மறுப்பதற்குப் பணம் ஒரு காரணம் ஆகாது. ஆகவே, அறிவிக்கப்பட்ட கட்டணத்தைக் கண்டு அஞ்சி விண்ணப்பிக்காமலே விலகுதலும் தவறு. சேர்க்கைக் கடிதத்தைக் கண்டு மகிழ்ந்து உதவித்தொகையின் அளவை ஆராயாமலே ஒப்புதலும் தவறு. மேற்கூறிய மூன்று பல்கலைக்கழகங்களும் குடும்ப வருவாயை அடிப்படையாகக் கொண்டு உதவி வழங்குகின்றன. அவ்வுதவி நான்காண்டும் தொடருமா, எந்த மதிப்பெண்ணுக்குக் குறைந்தால் நிற்கும், கட்டணம் உயரும்போது உதவியும் உயருமா என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுதல் இன்றியமையாதது.

கடனுக்குரிய வழிகளையும் அறிந்திருத்தல் நன்று. 2014ஆம் ஆண்டு சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பெற்றனர். அதனால் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமாகிய டாம்கோவின் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். 2024இல் நடுவணரசு அறிவித்த பிரதமர் வித்யாலட்சுமித் திட்டத்தில், தரவரிசையில் இடம்பெற்ற குறிப்பிட்ட நிறுவனங்களுக்குப் பிணையின்றிக் கடன் உண்டு. ஆண்டு வருவாய் 8 இலட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு, 10 இலட்சம் வரையிலான கடனில், அவகாசக் காலத்தில் 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. சேர விரும்பும் கல்லூரி அப்பட்டியலில் உள்ளதா என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற மகளிர்க்குப் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்க்குத் தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன.

பலர் மறந்துவிடும் மூன்றாம் வழி

தனியாரா, அரசா என்ற இரண்டிற்கும் இடையே அரசு உதவிபெறும் பழைய கல்லூரிகள் உள்ளன. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வரலாறு 1837இலும், மதுரை அமெரிக்கன் கல்லூரியின் வரலாறு 1881இலும் தொடங்குகின்றன. இலயோலாக் கல்லூரி 1925இல் நிறுவப்பட்டது. பன்முகக் கல்வி மரபும் நூலகமும் விடுதியும் தன்னாட்சிப் பாடத்திட்டமும் இத்தகைய கல்லூரிகளில் உண்டு. ஒன்றை மட்டும் கவனித்தல் வேண்டும். ஒரே கல்லூரியில், ஒரே பாடத்திற்கு, உதவிபெறும் பிரிவில் ஒரு கட்டணமும் சுயநிதிப் பிரிவில் அதனின் மிகுந்த கட்டணமும் இருக்கும். விண்ணப்பத்தில் எப்பிரிவு எனக் குறிக்கத் தவறினால் பெருந்தொகை கைவிட்டுப் போகும்.

நடுவண் பல்கலைக்கழகங்கள் மற்றொரு வழி. 2022 முதல் இவற்றின் இளநிலைச் சேர்க்கை 'கியூட்' என்னும் பொது நுழைவுத் தேர்வின் வழி நடைபெறுகிறது. திருவாரூரில் 2009இல் தொடங்கிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளும் இதனுள் அடங்கும். குறைந்த கட்டணத்தில் நாடெங்கிலும் இருந்து வரும் மாணவரோடு பயிலும் வாய்ப்பு இது. ஆயின், விண்ணப்பிக்கும் காலம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுக்கு முன்பே கடந்துவிடும். பதினொன்றாம் வகுப்பிலேயே எண்ணத் தொடங்கும் குடும்பத்திற்கே இவ்வழி பயன்படும்.

நான்காண்டா, மூன்றாண்டா?

தனியார் நிறுவனங்கள் பலவும் நான்காண்டுப் பட்டம் தருகின்றன. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. அமெரிக்காவில் முதுநிலை பயில விரும்புவோர்க்கு நான்காண்டுப் பட்டம் சேர்க்கையை எளிதாக்கும். 75 விழுக்காடு மதிப்பெண்ணுடன் நான்காண்டு முடித்தவர் முதுநிலைப் பட்டமின்றியே நெட் தேர்வு எழுதி முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்லவும் பல்கலைக்கழக மானியக் குழு இசைந்துள்ளது. ஆய்வை நாடும் மாணவர்க்கு இது மெய்யான நன்மை.

ஆட்சிப் பணியை நாடுவோர் நிலை வேறு. இந்திய ஆட்சிப் பணித் தேர்வுக்கும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்கும் ஏற்புடைய பட்டம் ஒன்று போதும். எக்கல்லூரி என்று எவரும் கேட்பதில்லை. மேலும், தமிழ்வழியில் பயின்றோர்க்குத் தமிழக அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. பட்டத் தகுதி கோரும் பணிக்கு அம்முன்னுரிமை வேண்டுமெனில் பள்ளிக் கல்வியோடு பட்டமும் தமிழ்வழியில் அமைந்திருத்தல் வேண்டும். தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற பிள்ளை ஆங்கிலவழித் தனியார்ப் பல்கலைக்கழகத்தில் சேரும்போது இவ்வுரிமை கைவிடப்படுகிறது. அறிந்து கைவிடுதல் வேறு. அறியாமல் இழத்தல் வேறு.

முதுநிலைப் படிப்பைக் கருதுவோர் மற்றொன்றையும் எண்ணலாம். வேலை தருவோரும் ஆய்வு நிறுவனங்களும் பெரும்பாலும் இறுதியாகப் பெற்ற பட்டத்தையே முதலில் நோக்குகின்றனர். இளநிலையைக் குறைந்த செலவில் முடித்து, சேமித்த பொருளை முதுநிலைக்குச் செலவிடுதல் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பொருந்தும் நெறி.

அரசுக் கல்லூரியில் சேர்வோர் செய்யத்தக்கவை

குறைந்த செலவில் பயிலும் மாணவர், அக்கல்லூரி தாராதவற்றைத் தாமே தேடிக்கொள்ளுதல் வேண்டும். 'சுவயம்' இணையதளத்தில் பிற துறைப் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம் உண்டு. 2022 முதல் ஒரே காலத்தில் இரண்டு பட்டங்கள் பயிலவும் மானியக் குழு அனுமதித்துள்ளது. சென்னையில் பயில்வோர்க்கு 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், தமிழ் ஆய்வாளர்க்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. மதுரையில் 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. வாரம் ஒரு நூலைப் படித்து இரு பக்கங்களில் தம் கருத்தை எழுதி, கேட்கும் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் பெறும் மாணவர், பன்முகக் கல்வியின் சாரத்தைப் பெரும் செலவின்றியே பெற்றுவிடுவார். அத்தகைய ஆசிரியர் ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும் சிலரேனும் இருக்கின்றனர். அவரைத் தேடிச் செல்லும் மாணவரே குறைவு.

சமண முனிவராகிய பவணந்தியார் நன்னூலில் எழுத்திலக்கணத்தைத் தொடங்குமுன் ஆசிரியரின் இயல்பையும் மாணாக்கரின் இயல்பையும் பாடம் சொல்லும் முறையையும் பாடம் கேட்கும் முறையையும் வகுத்துரைத்தார். கட்டடத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரியைக் காணச் செல்லும் பெற்றோரும் அவ்வரிசையையே பின்பற்றலாம். நிலையான ஆசிரியர் எத்தனை பேர்? ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்? கட்டுரையைத் திருத்தித் தருபவர் யார்? ஆங்கிலத்தில் பின்தங்கியோர்க்கு எழுத்துப் பயிற்சி உண்டா? சென்ற ஆண்டு முடித்தவர் எங்கு உள்ளனர்? நீச்சல் குளத்தையும் கண்ணாடிக் கட்டடத்தையும் பின்னர்க் காணலாம். விடுதி உணவையும் விசாரித்தறிதல் வேண்டும். கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கமும் கிழங்கு விலக்கும் வழக்கமும் உள்ள பிள்ளைக்கு, இரவு எட்டு மணிக்கே உணவு தரும் விடுதி நான்காண்டும் துன்பமாகும்.

விலக்க வேண்டிய மூன்று

முதலாவது, விளைநிலத்தை விற்று இளநிலைக் கட்டணம் செலுத்துதல். படிப்பு முடிந்த பின்னும் குடும்பம் வாழ வேண்டும்.

இரண்டாவது, மூத்த பிள்ளைக்காக இளைய பிள்ளையின் பங்கையும் செலவிடுதல். இரு பிள்ளைகளுக்கும் உரிய தொகையை முதலிலேயே பிரித்து வைத்த பின்னரே கல்லூரியைத் தேட வேண்டும்.

மூன்றாவது, மகனுக்குப் பெருங்கல்லூரி, மகளுக்கு அருகிலுள்ள கல்லூரி என்ற பாகுபாடு. சிக்கனத்தின் பெயரால் மகளின் கல்வியைக் குறைத்துவிட்டு, அத்தொகையைத் திருமணத்திற்கென எடுத்து வைக்கும் வழக்கம் இன்னும் முற்றும் நீங்கவில்லை. அரசுக் கல்லூரி நல்லதெனின் அது இருவர்க்கும் நல்லது; கடன் பெறுதல் தகுமெனின் அதுவும் இருவர்க்கும் தகும். மதிப்பெண்ணும் ஆர்வமும் அளவுகோலாகட்டும். ஆண், பெண் என்பது அளவுகோலாக வேண்டா.

முடிவு

ஒரு பொருளைப் பல கோணங்களில் நோக்கிய பின்னரே துணிய வேண்டும் என்பது இச்சமுதாயத்திற்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய கருத்தன்று. இன்னது பயில்வது என்று தெளியாத, எழுத்திலும் வாதத்திலும் ஆர்வமுள்ள பிள்ளைக்குத் தனியார்ப் பன்முகக் கல்லூரி பொருந்தும். உதவித்தொகை போக எஞ்சும் கடன், முதற்பணியில் எதிர்பார்க்கும் ஓராண்டு ஊதியத்தை மிகாதிருத்தல் வேண்டும். அதனினும் மிகுமெனில், அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியை மனக்குறையின்றித் தெரிவு செய்யலாம். ஒரே பாடத்தில் வேட்கை கொண்ட பிள்ளைக்கும் ஆட்சிப் பணியை நாடும் பிள்ளைக்கும் அதுவே முதல் வழி.

அறக்கட்டளையினரின் கவனத்திற்கு ஒரு கருத்து. தனியார் நிறுவனம் இடம் ஒதுக்கியவுடன் முன்பணம் கேட்கிறது. வங்கிக் கடன் ஒப்பளிக்கப்படுவதற்கு வாரங்கள் ஆகின்றன. இவ்விடைவெளியில் தகுதியுள்ள பிள்ளைகள் இடத்தை இழப்பதுண்டு. சிலர் கந்துவட்டிக்குக் கைநீட்டுவதும் உண்டு. வட்டியின்றி மூன்று மாதத்திற்குக் கைமாற்றாகத் தரும் சிறு நிதியொன்றை ஏற்படுத்தினால், கடன் வந்தவுடன் அத்தொகை திரும்பிவிடும். அடுத்த ஆண்டு அடுத்த பிள்ளைக்கு உதவும். நால்வகைத் தானங்களுள் ஒன்றாகிய சாத்திர தானம் ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்துத் தந்த காலத்தில் ஒரு வடிவம் கொண்டிருந்தது. இன்று சேர்க்கைக் கட்டணம் செலுத்தும் கடைசி நாளன்று வந்து சேரும் உதவி அதன் வடிவமாகலாம்.

இவ்வாண்டு தேர்வெழுதிய மாணவச் செல்வங்கள் அனைவரும் நன்மதிப்பெண் பெற்று, தத்தம் இயல்புக்கும் இல்லத்தின் ஆற்றலுக்கும் ஏற்ற கல்லூரியை அடைந்து சிறக்க வாழ்த்துகள்.